சுற்றிவிட்ட கை

மெக்கானிக் ப்ளோயரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் இரும்பு வயிற்றில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், காய்ச்சல்காரக் குழந்தையை டாக்டர் தட்டிப் பார்ப்பதுபோல. பிறகு சுவிட்சைப் போடச் சொன்னார். வீட்டின் மூத்த மருமகள், பெரியவள், போட்டாள். மோட்டார் அடித்தொண்டையில் முனகியதே தவிர உள்ளே இருந்த சக்கரம் அசையவில்லை.

"அணைச்சிடுங்கம்மா. இப்படியே முனகவிட்டா உள்ள சுத்தியிருக்கற காயில் எரிஞ்சிடும். இதுல கப்பாசிட்டர் இருக்கா?"

"அதெல்லாம் இதுக்குக் கிடையாதுண்ணே. மாமனார் காலத்துலேர்ந்து ஓடுற மோட்டார். ஒரு குச்சியை விட்டு லேசா தள்ளினா போதும், அது பாட்டுக்கு ஓடும்."

"மாமனாரும் குச்சியாலதான் தள்ளினாரா?"

பெரியவள் யோசித்தாள். "இல்ல. அப்பல்லாம் தானாத்தான் கெளம்புச்சு."

"அப்ப குச்சி நடுவுல வந்த ஆளு."

இஸ்திரி மேசையிலிருந்து கொழுந்தன் சிரித்தான். "எங்க வீட்டுல அதுவும் ஒரு ஆளுதாண்ணே. சோறு மட்டும்தான் கேக்கல."

மெக்கானிக் சிரித்தார். பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. குச்சியைப் பிடிக்க இப்போது ஆள் இல்லை என்பதால்தான் மெக்கானிக்கையே கூப்பிட வேண்டி வந்தது. வாசலில் துணி வாங்கும் மேசை, நடுவில் துவைக்கும் இயந்திரங்களும் இஸ்திரி மேசையும், பின்னால் ஜன்னல் இல்லாத இந்தச் சிறிய ஹீட்டர் ரூம். சலவைக்கடை மொத்தமும் அவ்வளவுதான். ரூமின் குறுக்கே கொடிகள் கட்டியிருக்கும். ப்ளோயர் ஊதுகிற காற்று சுவரோரத்து ஹீட்டர் கம்பிகளைத் தாண்டி, சூடேறி, கொடிகளில் தொங்கும் துணிகளுக்குள் புகுந்து வெளியேறும். மழைக்காலத்தில் கடையைக் காப்பாற்றுவதே இந்த ரூம்தான். அதைப் பார்த்துக்கொண்டவள் கொழுந்தனின் மனைவி, வீட்டில் சின்னவள். பெரியவளுக்கு ஓர்ப்படியாள். போன வாரத்திலிருந்து அவள் மாடியை விட்டுக் கீழே இறங்கவில்லை. நாளைக்கு ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேரப் போகிறாள்.

காரணம் ஊரறிந்தது. ஊருக்குச் சொன்னதும் பெரியவள்தான். மருத்துவமனையிலிருந்து வந்த வெள்ளை விரிப்புகள் ஒரு கொடி முழுக்கக் கருகிப்போயின. நெருப்புப் பிடிக்கவில்லை. ஹீட்டருக்குப் பக்கத்தில் தொங்கியவை மட்டும் தேநீர் கொட்டியதுபோலப் பழுத்து, மடித்தால் மடிப்பில் விரிசல் விட்டுக் கிழிந்தன. நாற்றம் வந்து எல்லோரும் ஓடியபோது ரூமுக்குள் நின்றிருந்தவள் சின்னவள். விரிப்புகளை வாங்க வந்திருந்த மருத்துவமனைப் பெண்மணியும் பின்னாலேயே வந்து நின்றாள். கடையின் மானம் போகிற அந்த நேரத்தில் பெரியவளின் வாய் முந்திக்கொண்டது. "ஹீட்டர் திருகை முழுசாத் திருப்பி வச்சிருக்கா. நானே என் கண்ணால பாத்தேன். போன்ல பேச்சு, கவனமெல்லாம் எங்கயோ! பீச்சாங்கையால தொட்ட வேலை எது உருப்பட்டுச்சு?"

சின்னவள் இடதுகைக்காரி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது வீட்டில் ஒரு வேடிக்கை. கரண்டி பிடித்தால் வேடிக்கை, கோலப்பொடி எடுத்தால் வேடிக்கை, சும்மா பேனா பிடித்தாலே வேடிக்கை. அன்றைக்கு அது வேடிக்கையாக வரவில்லை. கொழுந்தன் எல்லோர் முன்னாலும் பெண்டாட்டியைப் பார்த்துக் கத்தினான். மருத்துவமனை இனிமேல் துணி தருவதில்லை என்று சொல்லிவிட்டது. சின்னவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தையே பெரியவள் ஒப்புதல் கையெழுத்தாக எடுத்துக்கொண்டு தூங்கினாள்.

"இங்க ஒரு தகடு இருந்திருக்கணுமே," என்று மெக்கானிக் மோட்டாரின் முதுகைத் தடவினார். "இன்ன மோட்டார், இதுக்கு இன்னது வேணும்னு எல்லாம் அதுல போட்டிருப்பான். யாரு இதுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிச்சது?"

"வீட்டுக்காரர்தான். கதவுக்கு அடிச்சது மிச்சம் இருந்துச்சு."

"நல்லவேளை, நான் அன்னைக்கு வரல."

கத்தி முனையால் சுரண்டிப் பார்த்தார். பெயிண்டோடு எழுத்தும் உரிந்து வந்தது. வெளியே கப்பாசிட்டர் வைக்கும் புடைப்பு எதுவும் இல்லை. "சரி, எழுதினது இல்லேன்னா என்ன, மோட்டாரையே கேட்டுருவோம்," என்றார். "இது மாதிரி பழசுல ரெண்டு வகை உண்டும்மா. ஒண்ணுக்குக் கப்பாசிட்டரே வேணாம். ஆனா பிடிவாதக்காரன். அவன் சுத்தற பக்கம்தான் சுத்துவான். எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டா நின்னுட்டு மறுபடி முனகுவான். இன்னொருத்தன் இருக்கான். கப்பாசிட்டர் போயிட்டா தானாக் கெளம்ப மாட்டான். யாராவது தள்ளணும். எந்தப் பக்கம் தள்ளுறமோ அந்தப் பக்கமே ஓடுவான். சொந்தப் புத்தி கிடையாது."

"எங்க அண்ணன் மாதிரி," என்றான் கொழுந்தன். "அண்ணி தள்ளுற பக்கம்."

"இஸ்திரியைப் பாரு நீ. சட்டை தீயுது," என்றாள் பெரியவள்.

அதற்குள் வாசலில் யாரோ கூப்பிட, கொழுந்தன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முன்னால் போனான். மெக்கானிக் அந்தக் குச்சியை எடுத்து, காற்று உள்ளே போகும் வட்ட ஓட்டை வழியாக நீட்டி, சக்கரத்தின் இதழ் ஒன்றைத் தள்ளினார். பெரியவள் சுவிட்சைப் போட்டாள். சக்கரம் முனகி, தயங்கி, பிறகு வேகம் பிடித்தது. ரூம் முழுக்கக் காற்று. காலிக் கொடிகள் அதிர்ந்தன.

"உள்ளுக்குள்ள டக்குன்னு ஒரு சத்தம் வருதான்னு கேட்டேன். வரல. அப்ப உள்ளுக்குள்ளயே சுவிட்ச் வச்ச மோட்டாரும் இல்ல. நிறுத்துங்க."

சக்கரம் நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு குச்சியை மறுபக்கம் கொடுத்து எதிராகத் தள்ளினார். "இப்பப் போடுங்க. பிடிவாதக்காரனா இருந்தா நின்னுடுவான்."

நிற்கவில்லை. அதே முனகல், அதே தயக்கம், அதே வேகம். அதே சத்தம்கூட.

"பாத்தீங்களா, போயிட்டான்! கப்பாசிட்டர் வேணும்மா, சந்தேகமே இல்ல." மெக்கானிக் தம் கையை ஹீட்டர் கம்பிகளுக்கு முன்னால் நீட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இங்க கைய வையுங்க. சத்தத்தைக் கேட்டா நல்லா ஓடற மாதிரிதான் இருக்கும். காத்து எங்க இருக்கு?"

பெரியவள் கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஏதோ பட்டது. தூங்குகிறவன் மூச்சுபோல. கொடிகள் அசையவில்லை.

அப்போதுதான் அவளுக்கு அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது. சின்னவள் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். மருத்துவமனைத் துணி அவசரம். விரிப்புகளைக் கொடியில் போட்டு, ஹீட்டரை வழக்கமான இடத்துக்குத் திருப்பி, குச்சியை எடுத்துத் தள்ளியது பெரியவள். வலது கையால். ஓட்டையின் வலப்பக்கம் குச்சியை விட்டு, தன் பக்கமாகக் கீழே இழுத்தாள். சக்கரம் ஓடியது. சத்தம் கேட்டது. கதவைச் சாத்திவிட்டுக் கணக்குப் பார்க்கப் போய்விட்டாள். சின்னவள் தினமும் இடது கையால் இடப்பக்கம் இழுப்பாள். அந்தக் காட்சி பெரியவளின் கண்ணுக்குள்ளேயே இருந்தது, கேலி பண்ணுவதற்காகச் சேர்த்துவைத்த எத்தனையோ காட்சிகளோடு. அந்த இழுப்புக்கும் காற்றுக்கும் உறவு உண்டு என்றுதான் தோன்றவில்லை.

சக்கரத்தைத் தள்ளியதை அவள் இத்தனை நாளும் மறைக்கவில்லை. அது ஒரு செயல் என்றே நினைவில் நிற்கவில்லை. உள்ளங்கை மட்டும் இப்போது காற்றில்லாத காற்றில் நீட்டியபடியே இருந்தது.

"அம்மா, போதும். அணைங்க," என்றார் மெக்கானிக்.

அவர் மோட்டாரைக் கழற்றிக் கவிழ்த்தார். மூன்று ஒயர்கள் வந்தன. மீட்டரின் ஊசிமுனைகளை ஒவ்வொரு ஜோடியிலும் வைத்து, காயில்கள் இரண்டும் உயிரோடு இருப்பதாகத் தலையாட்டினார். அந்த மூன்றாவது ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், மோட்டார் உட்கார்ந்திருந்த அடிப்பெட்டியின் மூடியைத் திறந்தார். எண்ணெயும் பஞ்சுமாக அடைந்து கிடந்ததற்குள்ளிருந்து, வயிறு ஊதி வெடித்த ஒரு தகர உருளையை எடுத்துக் காட்டினார்.

"இதோ இருக்காரு. கிடையவே கிடையாதுன்னீங்களே."

"தெரியாமச் சொல்லிட்டேன்."

"அதனால என்னம்மா! பாக்காத எடத்துல இருந்தா யாருக்குத் தெரியும்? கடையில போய்ப் புதுசு எடுத்துட்டு வந்துடறேன்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பெரியவளுக்குக் காது மடல் சுட்டது.

மெக்கானிக்கின் வண்டிச் சத்தம் தெருமுனையில் மறைந்ததும் அவள் மாடிப்படியில் ஏறினாள். என்ன சொல்வது என்று படிக்குப் படி ஒரு வாக்கியம் அமைத்து, அடுத்த படியில் அதையே கலைத்தாள். சின்னவள் தரையில் உட்கார்ந்து மகளின் சீருடைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கட்டிக்கொள்ள வேண்டிய புடவை கட்டிலில் மடித்து வைத்திருந்தது.

"வாங்கக்கா," என்றாள். ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மெக்கானிக் வந்திருக்காரு."

"சத்தம் கேட்டுச்சு."

"கப்பாசிட்டர் போயிடுச்சாம். அடியில இருந்திருக்கு, இத்தனை நாளு நாம பாக்கவே இல்ல."

"ம்."

"எந்தப் பக்கம் தள்ளினாலும் ஓடுமாம் அது."

இடது கை நூலை இழுத்த இடத்தில் நின்றது. "தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் அதோட மாரடிச்சவ நானில்ல? புதுசுல எனக்கே ஒரு தடவை எதிர்ப்பக்கம் போயிடுச்சு. காத்து வரலேன்னதும் நிறுத்தி மாத்தி விட்டேன்."

பெரியவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். புடவையின் மேல் படாமல் ஒதுங்கி உட்கார்ந்தாள். "அப்ப அன்னைக்கு…"

"அன்னைக்கு ஸ்கூல்லேர்ந்து வந்து கதவைத் திறந்ததுமே பாத்தேன், எதிராச் சுத்திக்கிட்டு இருந்துச்சு. ஹீட்டரை அணைச்சேன். மோட்டாரை நிறுத்தி, சரியான பக்கம் விட்டேன். நிமிர்ந்தா நீங்க எல்லாரும் வாசல்ல நிக்கிறீங்க."

"ஏண்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா?" சின்னவள் இப்போதுதான் நிமிர்ந்தாள். "தானே கருக்கிட்டு என் தலையில கட்டறா பாருன்னு நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க?"

பெரியவள் மறுக்க வாயைத் திறந்தாள். சொல்லியிருப்பாள். அட்சரம் பிசகாமல் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்பாள். தன் குரலே இன்னொருத்தியின் வாயிலிருந்து வந்ததைக் கேட்டதுபோல இருந்தது.

"வேணும்னு பண்ணலடி. எனக்கு எந்தப் பக்கம்னு தெரியாது."

"தெரியாமத்தான் பண்ணீங்க. அதை நான் ஒண்ணும் சொல்லலக்கா. நான்கூட ஒரு தடவை பண்ணதுதானே?" பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "திருகை உங்க கண்ணால பாத்ததாச் சொன்னீங்க. நீங்க வந்தப்ப ஹீட்டர் அணைஞ்சு கிடந்துச்சு. எதைப் பாத்தீங்க?"

பெரியவள் அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். எதையும் பார்க்கவில்லை. புகையும் மருத்துவமனைப் பெண்மணியின் முகமும்தான் தெரிந்தன. அந்த முகத்துக்கு உடனே ஒரு காரணம் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்த காரணம் நிற்பதற்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. தன் கண்ணையே சாட்சிக்கு இழுத்தாள். அது பொய் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு சரளமாக வந்தது.

"கோவத்துல வாய் தவறிடுச்சு," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கீழ வந்துடு. ஹீட்டர் ரூமை நீயே பாத்துக்க. ஜவுளிக்கடையெல்லாம் உனக்கெதுக்கு, நாள் பூரா நின்னே ஆகணும். இனிமே நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இது… நமக்குள்ள இருக்கட்டும்."

சொல்லி முடித்ததும்தான் என்ன கேட்டுவிட்டோம் என்று உறைத்தது. முகத்தில் அறைந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

சின்னவள் கோபப்படவில்லை. பித்தானைத் துளைக்குள் விட்டு, எடுத்து, மறுபடி விட்டுப் பார்த்தாள். "நமக்குள்ள என்னக்கா இருக்கு? எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க."

கீழே வண்டி வந்து நின்றது. மெக்கானிக் மட்டுமல்ல, துணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பெரியவளின் கணவரும் வேனோடு திரும்பியிருந்தார். பெரியவள் இறங்கி வந்தபோது அவர் வெடித்த கப்பாசிட்டரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தத் துக்குணூண்டு டப்பாவுக்காடா இத்தனை நாளு குச்சியோட மல்லுக்கட்டினோம்?" என்று தம்பியைக் கேட்டார்.

"நீ பெயிண்ட் அடிக்கிறப்ப கொஞ்சம் குனிஞ்சு பாத்திருந்தா…"

புதியதை மாட்டி, ஒயர்களை முறுக்கி, மோட்டாரை அதன் இடத்தில் உட்கார வைத்தார் மெக்கானிக். சுவிட்சை அவரே போட்டார். குச்சி சுவரோரம் கிடந்தது. சக்கரம் யாரையும் கேட்காமல் எழுந்து ஓடியது. கொடிகள் படபடத்தன. கணவர் குழந்தைபோலக் கை தட்டினார். மெக்கானிக் மறுபடி அணைத்துவிட்டு, "எனக்குச் சரியாத்தான் படுது. ஆனா இதைத் தினம் ஓட்டின ஆளு வந்து கேட்டுச் சொல்லட்டும். பேரிங் சத்தம் முன்ன மாதிரியா, புதுசா ஏதும் உரசுதான்னு அவங்களுக்குத்தான் தெரியும்," என்றார்.

பிறகு கொழுந்தன் படிக்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான். இரண்டாவது முறை கூப்பிட்டபோது சின்னவள் இறங்கி வந்தாள். வாசலருகே நின்றாள். ரூமுக்குள் வரவில்லை.

மெக்கானிக் மறுபடி சுவிட்சைப் போட்டார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இதேதான். உரசல் இல்ல," என்றாள். அவர் அணைத்தார்.

"எப்பவும் இந்தப் பக்கம்தானேம்மா விடுவீங்க?"

"இந்தப் பக்கம்," என்று இடது கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டாள். வட்டம் முடிந்ததும் கை தானாகவே முந்தானைக்குள் போய் மறைந்தது. அது அப்படி மறைவதைப் பெரியவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். இன்றைக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

"போன வாரம் இங்க விரிப்பெல்லாம் கருகிடுச்சுண்ணே," என்றார் கணவர், பேச்சுவாக்கில். "பெரிய கூத்தாயிடுச்சு."

"கருகாம? அன்னைக்கு யாரோ எதிர்ப்பக்கம் தள்ளி விட்டிருக்கணும். காத்து பத்தலேன்னா கம்பி செவந்துடும். பக்கத்துல இருக்கறதெல்லாம் போச்சு."

"கேட்டியா?" கொழுந்தன் பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "திருகை மட்டுமில்ல, சக்கரத்தையும் தப்பாத்தான் தள்ளியிருக்க. அண்ணி சொன்னது சரியாத்தான் போச்சு. பீச்சாங்கையால தொட்ட வேலை எது உருப்பட்டுச்சு?"

பெரியவளின் வார்த்தை அது. ஒரு எழுத்துகூட மாறாமல், அடுத்தவன் வாயில், சொந்த வார்த்தையாகவே குடியேறிவிட்டிருந்தது. மெக்கானிக் சங்கடப்பட்டு ஸ்குரூ டிரைவரைத் துடைத்தார். சின்னவள் யாரையும் பார்க்கவில்லை. போகலாமா என்பதுபோல ஒரு காலைப் படிக்கட்டுப் பக்கம் நகர்த்தினாள்.

"சரி, ஹீட்டரோட சேத்து ஓட்டிப் பாத்துடுவோம்," என்று மெக்கானிக் பேச்சை மாற்றி இரண்டு சுவிட்சையும் போட்டார். சக்கரம் வேகம் பிடித்தது. காற்று இரைந்தது. பெரியவள் அந்த இரைச்சலுக்காகவே காத்திருந்தவள்போல வாயைத் திறந்தாள்.

"அன்னைக்குத் தள்ளினது நான்தான். திருகை நான் பாக்கவே இல்ல."

சொல்லிவிட்டாள். அவள் காதுக்கே அது எட்டவில்லை. கணவர் கம்பிகள் சூடேறுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் இஸ்திரி மேசைக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். யாருக்கும் கேட்கவில்லை. நெஞ்சுக்குள் ஒரு சின்ன நிம்மதி ஓடியது. அந்த நிம்மதியைக் கண்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

நிமிர்ந்தபோது சின்னவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகளைப் பார்த்திருக்கிறாள். வாசலிலிருந்து இரண்டடி உள்ளே வந்தாள். இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தினாள்.

"கேக்கலக்கா!"

கொழுந்தன் திரும்பினான். கணவரும் திரும்பினார். "என்ன, என்ன கேக்கல?" என்று கத்தினார்.

சின்னவள் பெரியவளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பெரியவள் சுவர்ப்பக்கம் நடந்தாள். விரல்கள் சுவிட்சுகளைத் தேடின. முதலில் ஹீட்டர். பிறகு ப்ளோயர். மோட்டாரின் இரைச்சல் ஒரு பெருமூச்சாக இறங்கியது. ஆனால் சக்கரம் உடனே நிற்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது. சாம்பல் நிற வட்டமாகத் தெரிந்ததில் மெல்ல மெல்ல இதழ்கள் பிரிந்தன. முதலில் கோடுகளாக, பிறகு நிழல்களாக, பிறகு தூசி படிந்த ஒவ்வொரு தகடாக. கொடிகள் ஓய்ந்தன. அங்கே நின்ற நான்கு பேரும் அவள் பக்கம் திரும்பியிருக்க, கடைசித் தகடு ஓட்டையைக் கடந்து, தயங்கி, நின்றது.